சுவருக்குள் கொத்தளம்: வீடு பறிபோகுமா?

கேள்வி: மதுரையில் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும் மேல வெளி வீதிக்கும் நடுவே ஒரு சந்தில் எங்கள் தாத்தா காலத்து வீடு. குளியலறையைப் பெரிதாக்கப் பின்சுவரை இடித்தபோது, உள்ளே நாலரை அடி கனத்தில் வளைந்து போகும் இன்னொரு சுவர் தெரிந்தது. "பழைய கோட்டை காவல் மேடு. தொல்லியல் துறைக்குத் தெரிந்தால் வீட்டை எடுத்துக்கொள்வார்கள், வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்" என்கிறார் புரோக்கர். உண்மையா?

பதில்: சுவர் விஷயத்தில் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். மற்றது பயமுறுத்தல்.

விசுவநாத நாயக்கர் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோட்டைக்கு 72 கொத்தளங்கள், அதாவது மதிலை ஒட்டிய காவல் மேடுகள், என்பார்கள். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் அதை இடிக்கச் சொன்னார். அகழியைத் தூர்த்தவர்களுக்கே மனை என்பது ஏற்பாடு. வேலையை மேற்பார்த்த மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரும் இன்று வீதிகளாக இருக்கின்றன. உங்கள் வீடு இருப்பது கோட்டை ஓடிய வரிசையில்தான். நாலரை அடிச் சுவரை இடிக்கக் கூலி கொடுப்பதைவிட அதில் சாய்த்து வீடு கட்டுவது லாபம் என்று அந்தக் காலத்தில் யாரோ கணக்குப் போட்டிருப்பார்.

உறுதி செய்ய, மேஸ்திரியிடம் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கொத்தளத்தின் வெளிமுகம் அடியில் அகன்று மேலே ஒடுங்கும். குண்டு நேராகத் தொங்காமல் சுவரில் உரசும். டவுன் சர்வே வரைபடத்தில் உங்கள் மனையின் பின் எல்லையும் பக்கத்து வீட்டு எல்லையும் ஒரே வளைவில் போகிறதா என்றும் பாருங்கள். செதுக்கிய ஒற்றைக் கல்லைப் பார்த்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். இடித்த கோட்டையின் கல் எந்த வீட்டுக்கும் போயிருக்கலாம்.

இனி சட்டம். பழையது என்பதாலேயே ஒரு சுவர் அரசுடைமை ஆகாது. மத்திய அரசு பாதுகாக்க நினைத்தால் முதலில் அரசிதழில் அறிவித்து, ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் தர வேண்டும். அப்படி அறிவித்த சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கிக் கட்டலாம். மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடு என்பது தனிக் கதை. புரோக்கர்கள் இரண்டையும் குழப்பித்தான் விலையைக் குறைப்பார்கள்.

அடுத்து "தொல்லியல் என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் ஃபைலோடு வருவார். ஒரு பைசா கொடுக்காதீர்கள். உங்கள் சர்வே எண் எந்தப் பாதுகாக்கப்பட்ட பகுதியிலாவது வருகிறதா என்று மத்திய, மாநிலத் தொல்லியல் துறைகள் இரண்டுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் தனித்தனியே கேளுங்கள். பத்து ரூபாய்தான், 30 நாளில் பதில் தர வேண்டும். "அது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, அங்கே கேளுங்கள்" என்று ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. தோண்டும்போது காசோ நகையோ செம்போ கிடைத்தால் கதை மாறும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்து ரூபாய்தான். அந்தத் தொகையை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. "கொத்தனார் எடுத்துக்கொண்டார், எனக்குத் தெரியாது" என்று சொல்லி வழக்கில் அலைய வேண்டாம். தோண்டும் நாளில் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும், கிடைத்ததைக் கிடைத்த இடத்திலேயே படம் எடுக்கட்டும். செதுக்கிய கல்லை "நல்ல விலைக்கு" கேட்டு வருபவரையும் உள்ளே விடாதீர்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்பத்தை விற்கும் வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும், அவரிடம் அது இருக்காது.

சுவரை இனி கொத்த வேண்டாம். மாடிப் பாரம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று இன்ஜினியர் பார்க்கும்வரை முட்டுக் கொடுத்து வையுங்கள். திறந்த இடத்தில் சிமென்ட் பூசினால் உள்ளே ஈரம் அடைபட்டு, இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பாளமாக உதிரும். சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். குளியலறைக் குழாயை எதிர்ச்சுவருக்கு மாற்றிவிடுங்கள்.