பிள்ளையின் தோற்றத்தைக் கேலி செய்தால்: பெற்றோர் கேள்வி, டீச்சர் பதில்

பினாங்கில் பள்ளி ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெற்றோர் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.

பிறையிலிருந்து ஓர் அம்மா: டீச்சர், 8 வயது மகளை வகுப்பில் "கருப்பாயி" என்கிறார்கள். வெள்ளையாகும் கிரீம் கேட்டு அழுகிறாள். வாங்கித் தரலாமா?

வேண்டாம்மா. கண்ட இடத்தில் விற்கும் சில கிரீம்களில் பாதரசமும், தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோன் என்ற ரசாயனமும் இருப்பதாகச் சுகாதார அமைச்சு பல முறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும்.

கிரீமை விட எனக்குக் கவலை வேறு. வீட்டில் ஏற்கனவே கேட்ட சொல்தான் வகுப்பில் ஆழமாகத் தைக்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போனால்கூட "வெயிலில் நிற்காதே, கறுத்துப் போவே" என்கிறோமே! கல்யாண வீட்டில் "அக்கா மாதிரி நிறம் இல்லையே" என்று ஓர் அத்தை ஆரம்பித்தால், பிள்ளை கேட்கும்படியே நிறுத்துங்கள்: "இவள் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டாம், அத்தை." அவர் முகம் சுருங்கினால் சுருங்கட்டும்.

"நீ ஒண்ணும் கறுப்பு இல்லை" என்று சமாதானமும் சொல்லாதீர்கள். கறுப்பு குறைதான் என்று நீங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும். "ஆமாம், கறுப்புதான். பாட்டியும் கறுப்புதான். வகுப்புல அப்படிச் சொன்னப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, அவளைப் பேச விடுங்கள்.

பட்டர்வொர்த்: மகனுக்கு வயது 9. முன்பல் இடைவெளியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இந்த வயது இடைவெளி பல பிள்ளைகளுக்கு 11, 12 வயதில் கோரைப்பல் இறங்கும்போது தானாகக் குறையும். பள்ளிக்கு வரும் அரசாங்கப் பல் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள்.

ஆயர் ஈத்தாம்: "குண்டு" என்று கேலி. மகனுக்குச் சோற்றைக் குறைத்துவிட்டேன்.

அவன் தட்டில் மட்டும் குறைத்தால், பள்ளிக் கேலி சாப்பாட்டு மேசைக்கும் வந்துவிடும். எடை அதிகமா என்பதை வயதையும் உயரத்தையும் வைத்து கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) பார்ப்பார்கள். இனிப்புத் தண்ணீரைக் குறைப்பதானால் வீட்டில் எல்லாருக்கும் குறையுங்கள், அப்பாவுக்கும் சேர்த்து.

பாயான் லெப்பாஸ், ஓர் அப்பா: "திருப்பி அடி" என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே?

இல்லை தம்பி. அப்புறம் உங்கள் பிள்ளைதான் கட்டொழுங்கு ஆசிரியர் முன் நிற்பான். வீட்டில் நீங்கள் கேலி செய்பவராக நடியுங்கள். அவன் நேராகப் பார்த்து, "சரி, அப்புறம்?" என்று கேட்டுவிட்டு நகரட்டும். ஒரே நாளில் வராது. கேலி தொடர்ந்தால், என்றைக்கு, யார், என்ன சொன்னார்கள் என்று எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள், அசையவில்லையென்றால் தலைமையாசிரியரிடம். பிள்ளை பள்ளிக்கே போக மறுத்தாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ உடனே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். தாலியான் காசிஹ் (Talian Kasih) என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம்.