சோலார் ஹீட்டர் வென்ட் பைப்பில் தண்ணீர் கொட்டினால்

நண்பரே, மூணாறு வீட்டில் பிரஷர் பம்ப் ஓடும்போதெல்லாம் சோலார் ஹீட்டரின் ஏர் வென்ட் பைப்பில் தண்ணீர் கொட்டுகிறது, குழாயில் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது, பிளம்பர் வென்ட்டை அடைத்துவிடலாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அடைக்காதீர்கள். ஆவியும் காற்றும் வெளியேற அதுதான் வழி. மூடினால் டேங்க் வெடிக்கலாம். தண்ணீர் இறங்கும்போது காற்று உள்ளே போகாமல் நசுங்கவும் செய்யலாம்.

வென்ட்டின் வாய் மாடித் தொட்டி நிரம்பும் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். ஆனால் பம்ப் ஓடும்போது மட்டும் கொட்டுவதால் என் சந்தேகம் வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தரும் பாத்ரூம் மிக்சர் குழாய் மேல்தான். பம்ப் தள்ளும் பச்சைத்தண்ணீர் மிக்சருக்குள் புகுந்து, வெந்நீர் லைனில் எதிர்த்து ஏறி, டேங்கையும் குளிரவைத்து வென்ட்டில் வழிகிறது. மிக்சருக்குக் கீழே பச்சைத்தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வை மூடிவிட்டு பம்பை ஓட்டுங்கள். கொட்டுவது நின்றால் ஆள் அகப்பட்டது! இன்னொரு மிக்சர் இருந்தால் அதையும் இப்படியே பாருங்கள்.

அப்புறம், மிக்சருக்குப் போகும் வெந்நீர் லைனில் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வு ஒன்று போடச் சொல்லுங்கள். உள்ளே தட்டு கதவுபோல் ஆடித் திறக்கும் ஸ்விங் வகை நல்லது. ஸ்பிரிங் வைத்ததைத் திறக்க மாடி உயரத்தின் அழுத்தம் போதாமல் போகலாம். வால்வு வேண்டாமென்றால் மிக்சரின் பச்சைத்தண்ணீர் லைனைப் பம்ப்பிலிருந்து பிரித்து நேராக மாடித் தொட்டியில் இணைத்துவிடுங்கள். ஷவர் கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான்.