பாரிஸுக்கு அப்பால் ஒரு கிழமை

வாசகர் கேள்வி – பதில்

பிரான்ஸின் கிராமப்புறத்துக்குப் போய்வர விரும்பும் மலையக வாசகர்களின் கேள்விகள் இம்முறை. தென்மேற்குப் பிரான்ஸின் தோர்தோஞ் பகுதியில் ஒரு பண்ணை விடுதியின் சமையலறையில் பல வருடம் வேலை பார்த்து, இப்போது ஹட்டனில் குடியிருக்கும் நம் வாசகி பதில் தருகிறார்.

கேள்வி: அக்கா பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஜூலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு மாதம் போகிறோம். ஒரு கிழமை கிராமப் பக்கம் போக ஆசை. அத்தான் கார் ஓட்டுவார். எந்தெந்த ஊர்களைப் பார்க்கலாம்? அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க மாட்டார்.
– பண்டாரவளை வாசகி

பதில்: ஊர்களை அடுக்க வேண்டாம் தங்கச்சி. ஒரே ஊரைப் பிடித்து ஏழு நாளும் அங்கேயே இருங்கள். காலையில் ஒரு ஊர், மாலையில் ஒரு ஊர் என்று ஓடினால் நெடுஞ்சாலையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். அங்கே கிராமத்துக்கு ஒரு கிழமை ஒழுங்கு இருக்கிறது. சந்தை கூடும் நாள், பாண் கடை பூட்டும் நாள், ஞாயிறு மத்தியானத்தோடு ஊரே அடங்கிப்போவது. அதற்குள் இருந்து பார்த்தால்தான் ஊர் பிடிபடும்.

நான் வாழ்ந்த தோர்தோஞ் பக்கத்தையே சொல்கிறேன், ஆசையும் அங்கேதான். கிராம வீடுகளைக் கிழமைக் கணக்கில் வாடகைக்கு விடுவார்கள், ஜீத் என்று பெயர். கோடையில் பெரும்பாலும் சனிக்கிழமை உள்ளே போய் அடுத்த சனிக்கிழமை வெளியே வர வேண்டும். அடுப்பு, பாத்திரம் எல்லாம் வீட்டிலேயே இருக்கும். இந்த வீடுகளுக்கென்றே 1955இல் தொடங்கிய ஓர் அமைப்பு இருக்கிறது, ஜீத் து பிரான்ஸ். ஜூலை வீட்டுக்கு இப்போதே சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

சார்லா என்ற பழைய கல் ஊரில் புதனும் சனியும் சந்தை. எட்டு மணிக்கெல்லாம் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டத்தில் அம்மாவை நடத்த முடியாது. அதைவிட எனக்குப் பிடித்தது சின்னக் கிராமங்களின் இரவுச் சந்தை. ஜூலை, ஆகஸ்டில் ஊர்ச் சதுக்கத்தில் நீள மேசைகளைப் போடுவார்கள். விவசாயிகளே சமைத்து விற்பார்கள், வாங்கி வந்து யார் பக்கத்திலும் உட்கார்ந்து சாப்பிடலாம். தட்டு, கரண்டியை வீட்டிலிருந்து கொண்டு போவது வழக்கம். ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆறரைக்கே இருட்டிப் பழகிய நமக்கு அது பெரிய விருந்து.

அம்மாவுக்கென்று ஓர் இடம் சொல்கிறேன், ரூஃபிஞாக் குகை. மலைக்குள்ளே ஒரு சின்ன மின்சார ரயிலில் உட்கார வைத்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் கூட்டிப் போவார்கள். சுவரிலும் கூரையிலும் ஆதி மனிதர் வரைந்த மம்மத் யானைகள், நூற்றுக்கும் மேல். குகைக்குள் கோடையிலும் 13 பாகைதான், அம்மாவின் சுவெட்டரை மறக்க வேண்டாம். புகழ்பெற்ற லாஸ்கோ குகையை 1940 செப்டெம்பரில் நான்கு பையன்கள் கண்டுபிடித்தார்கள். பார்க்க வந்தவர்களின் மூச்சுக்காற்றே ஓவியங்களைக் கெடுத்ததால் 1963இல் மூடிவிட்டார்கள். இப்போது காட்டுவது 2016இல் திறந்த முழு அளவுப் பிரதி. பிரதிதானே என்று விட்டுவிடாதீர்கள், அந்தக் காளைகளின் அடியில் நின்றால் உடம்பு சிலிர்க்கும். ஆனால் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ரூஃபிஞாக், ஏனென்றால் அது அசல்.

போகும் வழியில் பிரீவ் நகரத்துக்குப் பக்கத்தில் கொலோஞ் லா ரூஜ் என்ற ஊர், வீடு முழுக்கச் சிவப்புக் கல். அழகிய கிராமங்களுக்கென ஒரு சங்கத்தை 1982இல் தொடங்கியவர் இந்த ஊர் மேயர்தான். ஊரில் 2,000 பேருக்கு மேல் இருந்தால் அதில் சேர முடியாது. ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும்.

இரண்டு விஷயம் கட்டாயம். கடைக்குள் நுழைந்ததும் முதலில் "போன்ஜூர்" சொல்லுங்கள். சொல்லாமல் விலை கேட்டால் முகம் இறுகிவிடும். அப்புறம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரைக்கு உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கே மனம் கேட்காது. ஆனால் அதற்குள் அடுப்பை அணைத்திருப்போம்.

கேள்வி: மூன்று தலைமுறையாகத் தேயிலைத் தோட்டக் குடும்பம் நாங்கள். மகன் லியோனில் படிக்கிறான், செப்டெம்பரில் கூப்பிடுகிறான். அங்கே திராட்சைத் தோட்டம் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நான் குடிப்பவன் அல்ல. போவதில் பலன் உண்டா?
– தலவாக்கலை வாசகர்

பதில்: ஐயா, குடிக்க வருகிறவர்களைவிட நீங்கள்தான் அதிகம் பார்ப்பீர்கள். செப்டெம்பரில் போவது நல்ல யோகம், பெரும்பாலான வருடங்களில் அறுவடை அந்த மாதம்தான்.

லியோனிலிருந்து ரயிலில் போன் (Beaune) என்ற நகரத்துக்குப் போங்கள். பூர்கோஞ் என்ற வைன் பகுதியின் நடுவூர் அது. அங்கே தோட்டம் ஒரே விரிப்பாக இருக்காது. சின்னச் சின்னத் துண்டுகள், பல இடங்களில் சுற்றிலும் கல்மதில், துண்டுக்கு ஒரு பெயர். நாம் நாலாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை என்கிறோமே, அங்கே 1,247 துண்டுகளுக்குத் தனித்தனிப் பெயர். மண்ணும் சரிவும் மாறினால் ருசி மாறும் என்று நூற்றாண்டுக் கணக்கில் பிரித்து வைத்திருக்கிறார்கள். 2015இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக்கியது. மலை உச்சிக் கொழுந்துக்கும் பள்ளத்துக் கொழுந்துக்கும் வித்தியாசம் தெரிந்த உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சரிவின் நடுப்பகுதி மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள், பிறகு அடிவாரத்து மண்ணையும் பாருங்கள்.

ஒரு கதை சொல்ல வேண்டும். நம் மலையில் கோப்பிச் செடிக்கு 1869இல் இலைத்துரு நோய் வந்து, கோப்பி அழிந்து தேயிலை பரவியது உங்களுக்குத் தெரியும். அதே காலத்தில் பிரான்ஸின் திராட்சை வேர்களை ஒரு சின்னப் பூச்சி தின்று தீர்த்தது. அமெரிக்காவிலிருந்து வந்த செடிகளோடு 1860களில் வந்து இறங்கியது அது, பெயர் ஃபிலோக்ஸெரா. கடைசியில், அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரிலேயே பிரெஞ்சுக் கொடியை ஒட்டுப்போட்டார்கள். இன்றும் பிரான்ஸில் பெரும்பாலான கொடிகள் அப்படித்தான். தண்டின் அடியில், மண்ணுக்குச் சற்று மேலே ஒரு முடிச்சு தெரியும், ஒட்டுப்போட்ட இடம் அது. மகனிடம் காட்டுங்கள். அங்கே ஒட்டு காப்பாற்றியது, இங்கே பயிரையே மாற்றினார்கள். நம் பாட்டன்மார் கோப்பிக்கு வந்து தேயிலைக்குத் தங்கியது அப்படித்தான்.

போர்தோ கலவை தெரியும்தானே, மயில்துத்தமும் சுண்ணாம்பும்? அதுவும் இந்தக் கொடிகளிலிருந்து வந்ததுதான். வழியோரக் கொடிகளில் திருடர்கள் பழம் பறிக்காமலிருக்கப் போர்தோ பகுதியில் செம்புக் கரைசலை அடித்து வைப்பார்கள். அடித்த கொடிகளில் மட்டும் பூஞ்சணம் இல்லை என்பதைக் கவனித்தவர் மில்லார்தே என்ற பேராசிரியர். 1885இல் அதை மருந்தாக வெளியிட்டார். நம் தேயிலையில் கொப்புள நோய்க்கு அடித்ததும் செம்பு மருந்துதான்.

அறுவடையில் கத்தரியால் குலையை வெட்டிக் கூடையில் போடுவார்கள். அதை முதுகுக்கூடைக்காரர் சுமந்து போவார். அந்தக் கூடையைப் பார்த்ததும் நம் வீட்டுப் பெண்கள் ஞாபகம் வரும். பறிக்கிறவர்களையும் பாருங்கள், அவர்களிடமும் பேசுங்கள். நிறையப் பேர் வேறு நாட்டவர்கள். ஷாம்பேன் பகுதியில் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது விதி. அங்கே 2023 செப்டெம்பர் வெயிலில் பறித்தவர்களில் சிலர் இறந்துபோனார்கள். அந்த வருடம் ஆட்களை மிருகங்கள்போல் தங்கவைத்த விஷயம் நீதிமன்றம் வரை போய்த் தண்டனையும் கிடைத்தது. போத்தலின் விலை கேட்டு வியப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும்: சுற்றுலா விசாவில் போய்க் கூலிக்குப் பறிக்க முடியாது.

கேள்வி: நான் சுத்த சைவம். கிராமத்தில் பட்டினி கிடக்க வேண்டி வருமா?
– பதுளை வாசகி

பதில்: வராது, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். தோர்தோஞ் பக்கத்தில் உருளைக்கிழங்குப் பொரியலைப் பார்த்தால் பூண்டும் பார்ஸ்லியும் போட்டு வாசமாக இருக்கும். அதை வாத்துக் கொழுப்பில்தான் பொரிப்போம், நானே தினமும் பொரித்திருக்கிறேன். பச்சை சலாதுக்குள்ளும் பன்றி இறைச்சித் துண்டு ஒளிந்திருக்கும், "சான் லார்தோன்" என்று சொல்லிவிடுங்கள். பழைய முறைச் சீஸ்களில் பாலைத் திரையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்தது. அதுவும் வேண்டாம் என்றால் விற்பவரிடம் நேரே கேளுங்கள்.

என் யோசனை, சமையலறை உள்ள வீடு எடுங்கள். சந்தையில் தக்காளி, கத்தரிக்காய், போஞ்சி அருமையாகக் கிடைக்கும். ல் புயி ஊரின் பச்சைப் பருப்பைக் கட்டாயம் வாங்குங்கள். எரிமலை மண்ணில் விளைவது, வெந்தாலும் குழையாது, தாளித்துப் போட்டால் நம் வீட்டுச் சாப்பாடு. வால்நட் கொட்டை ஆட்டும் பழைய எண்ணெய் ஆலைகள் தோர்தோஞ்ஞில் இன்னும் ஓடுகின்றன, வறுத்த விழுதின் வாசம் தெருவுக்கே வரும். அக்டோபரில் போனால் வால்நட் பொறுக்கிய விரல்கள் கொழுந்து பறித்த விரல்கள்போலக் கறுத்திருப்பதைப் பார்க்கலாம். மிளகாய்த்தூள் கொண்டு போங்கள், பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள். லாச்சப்பலில் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: நம் பதுளைக் கோச்சிபோல அங்கே மலை ரயில் உண்டா?
– ஹப்புத்தளை வாசகர்

பதில்: உண்டு தம்பி, பிரனீஸ் மலையில் மஞ்சள் ரயில். வில்பிராஞ்சிலிருந்து லதூர் து கரோல் வரை 63 கிலோமீற்றர், மின்சாரத்தில் ஓடுவது. கோடையில் கூரையில்லாப் பெட்டியும் இணைப்பார்கள், அதில் இடம் பிடியுங்கள். அதன் மிக உயரமான நிலையம் 1,593 மீற்றர். நம் பட்டிப்பொல 1,898. உயரத்தில் நாம்தான் மேலே!

கேள்வி: லூர்து மாதா கோயிலுக்குப் போகிறோம். பக்கத்தில் இயற்கைக் காட்சி ஏதாவது?
– நுவரெலியா வாசகி

பதில்: கவார்னி. லூர்திலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். மலையே அரைவட்டச் சுவராக எழுந்து நிற்கும், அதிலிருந்து 400 மீற்றருக்கு மேல் அருவி விழும். நம் பம்பரகந்த 263 மீற்றர். கவார்னி ஊரிலிருந்து அருவிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடை, பாதை நன்றாக இருக்கும். ஆகஸ்ட் 15 மாதா திருநாளில் லூர்தில் அறை கிடைப்பது கஷ்டம், திருநாளுக்கு நிற்க வேண்டுமென்றால் முன்பே பதியுங்கள்.

கேள்வி: சொந்தக்காரர் வீட்டில் தங்குவதற்கு விசாவுக்கு என்ன வேண்டும்?
– கொட்டகலை வாசகர்

பதில்: ஷெங்கன் குறுகிய கால விசா, 180 நாளில் 90 நாள் வரை. கூப்பிடுகிறவர் தன் ஊர் நகரசபையில், அங்கே மேரி என்பார்கள், வரவேற்புச் சான்று ஒன்றை எடுத்து உங்களுக்கு அனுப்ப வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றுக்குத்தான் நாளாகும், ஆகவே டிக்கெட் பற்றி யோசிக்கும் முன்பே அவரை மேரிக்குப் போகச் சொல்லுங்கள்.