பேறுகாலம் பார்க்கப் போகிற ஆச்சிக்கு

கேள்வி: மகளுக்குப் பேறுகாலம் பார்க்க அடுத்த மாதம் அமெரிக்கா போகிறேன். அங்கே விமான நிலையத்தில் பெட்டியைக் கொட்டிப் பார்ப்பார்கள், செல்போனையும் வாங்கித் துருவுவார்கள் என்கிறார்கள். பத்து வருட விசா வைத்திருப்பவர்களிடம் இப்படி நடக்க அவர்களுக்கு என்ன அதிகாரம்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அதிகாரம் இருக்கிறது அம்மா. விசா உங்களை அந்த நாட்டு வாசல்வரைதான் கொண்டுபோய் விடும். உள்ளே விடுவதா, எத்தனை நாள் தங்கலாம் என்பதெல்லாம் வாசலில் இருக்கிற அதிகாரியின் கையில். பெட்டியைத் திறக்க அவருக்கு வாரண்ட் தேவையில்லை. போனையும் பார்க்கலாம். ஆனால் 2018இல் அந்நாட்டுச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையே போட்டுக்கொண்ட விதிப்படி, போனுக்குள் இருப்பதை மட்டும்தான் பார்க்க வேண்டும்; இணையத்தில் சேமித்து வைத்ததைத் தோண்டக் கூடாது. போனை வாங்கி வைத்துக்கொண்டால் ரசீது கேளுங்கள். பாஸ்வேர்டு தரமாட்டேன் என்கிற அமெரிக்கக் குடிமகனை அவர்கள் உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும். உங்களைத் திருப்பி அனுப்பிவிடலாம். இது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

சரி, போனை விடுங்கள். நீங்கள் சொல்லப்போகிற பதிலை நினைத்தால்தான் எனக்குப் பயம். எதற்கு வந்தீர்கள் என்றால் நம் ஊர் ஆச்சிமார் "பிள்ளையைப் பார்த்துக்கிட" என்பார்கள். அது ஆங்கிலத்தில் 'பேபி சிட்டிங்' என்று போய் விழுந்தால், சுற்றுலா விசாவில் வேலைக்கு வந்தவர் என்று எழுதிக்கொள்ள இடமுண்டு. மகளுக்குப் பேறுகாலம், கூட இருக்க வந்தேன், இந்தத் தேதியில் திரும்புகிறேன் என்று உள்ளதை முழுசாகச் சொல்லுங்கள்.

புரியாத கேள்விக்குத் தலையாட்டாதீர்கள். பெரிய அதிகாரி முன்னால் "எஸ், எஸ்" என்று சொல்வது நமக்கு மரியாதை. அங்கே அது வாக்குமூலம். "தமிழ் இன்டர்பிரட்டர்" என்று கேளுங்கள். மொழி புரியாதவரிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் வாக்குமூலம் வாங்க வேண்டும், அதைப் படித்துக் காட்டவும் வேண்டும் என்பது அவர்கள் விதி. அப்புறம்தான் கையெழுத்து. தப்பிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். ஏனென்றால் அந்தத் தாளை வைத்து, நீதிபதி முன்னால் நிறுத்தாமலே வெளியேற்ற உத்தரவு போடலாம்; போட்டால் 5 வருடத்துக்கு அந்தப் பக்கம் போக முடியாது. நிலைமை அப்படிப் போனால், நானாகவே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். சம்மதிப்பதும் மறுப்பதும் அதிகாரி இஷ்டம். சம்மதித்தால் அந்த 5 வருடத் தடை இல்லை. அந்த விசாரணையில் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. காவலில் வைத்தால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லலாம். 1963 வியன்னா ஒப்பந்தம் தருகிற உரிமை அது.

இனி பெட்டி. பேறுகால லேகியத்தையும் சுக்குப் பொடியையும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோகாதீர்கள். பெயர் எழுதாத பொடியைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். கடையில் வாங்கிய சீலோடு வையுங்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கு அங்கே தடை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் பூச்சி அதோடு வரும் என்பது காரணம். கொண்டுவந்த தின்பண்டத்தையெல்லாம் அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஆகாததை எடுத்துக் குப்பையில் போடுவதோடு சரி, மறைத்தால் அபராதம். (மேலப்பாளையம், கடையநல்லூர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: துபாய்க்குப் போகிற மசாலாவில் கசகசா ஒரு சிட்டிகைகூட வேண்டாம். நமக்குக் குருமாச் சாமான், அங்கே போதைப்பொருள்.)

மகள் வீட்டு விலாசத்தையும் நம்பரையும் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள். போன் அவர்கள் கையில் இருக்கும்போது அந்தத் தாள்தான் உதவும்.