லிஸ்பனில் ஒன்றரை நாள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் டொராண்டோவில் படிக்கிறேன். நவம்பரில் பாரிஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். வழியில் லிஸ்பனில் திங்கள் காலை இறங்குகிறேன், செவ்வாய் மாலைதான் அடுத்த விமானம். முதுகுப்பை மட்டும் கொண்டுபோகிறேன். பார்க்க வேண்டிய இடங்கள் என்று பதினேழு எழுதி வைத்திருக்கிறேன். ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் நேரமும் காசும் மிச்சம், அதை நுழைவுச்சீட்டுகளுக்குச் செலவிடலாம் என்று ஒரு எண்ணம். சரிதானா? எதை முதலில் பார்ப்பது?

க., டொராண்டோ

அன்புள்ள க.,

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். லிஸ்பனில் கண்ணுக்கு நல்லவற்றில் பாதிக்கு மேல் இலவசம். மேடான தெருக்கள், ஓடு பதித்த சுவர்கள், மேட்டின் விளிம்பில் நின்றால் கீழே தெரியும் தேஜு ஆறு, எதற்கும் சீட்டு வேண்டாம். காசையும் நேரத்தையும் மதியச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திங்களன்று முதலில் குடியேற்றச் சோதனை இருக்கிறது. தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் பகுதியான ஷெங்கனுக்குள் நீங்கள் நுழைவது லிஸ்பனில்தான் என்பதால் அது பாரிஸில் அல்ல, இங்கேயே நடக்கும். காலையில் வரிசை நீளமாக இருக்கலாம். அப்புறம் மெட்ரோவில் சிவப்புத் தடத்தில் அலமேதா வரை, அங்கே பச்சைக்கு மாறி மார்த்திம் முனீஸ். தங்குமிடத்தில் பையை வைத்துவிட்டுக் கிளம்பினால் மதியம் ஆகிவிடும். சின்னச் சாப்பாட்டுக்கடைகளை அங்கே தாஸ்கா என்பார்கள். அன்றைய சாப்பாட்டைக் காகிதத்தில் கையால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் கடையாகப் பார்த்து நுழையுங்கள். அரை அளவு கேட்டால் தருவார்கள், ஒருவருக்கு அதுவே போதும். கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் கொண்டுவந்து வைப்பார்கள். தொட்டால் பில்லில் வரும், வேண்டாம் என்றால் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அங்கே பக்கல்யாவ் கேளுங்கள், உப்பிட்டு உலர்த்திய காட் மீன். போர்ச்சுகலின் கடலில் இந்த மீன் கிடையாது. 16ஆம் நூற்றாண்டிலேயே போர்ச்சுகீசியர் அட்லாண்டிக்கைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்து வரை போய்ப் பிடித்தார்கள், அதாவது நீங்கள் இப்போது வசிக்கும் கனடாவின் கிழக்குக் கரைக்கு. கெடாமல் ஊர் வந்து சேர உப்பு போட்டார்கள். கறி தவிர்க்க வேண்டிய விரத நாட்கள் கத்தோலிக்கர்களுக்கு அப்போது ஏராளம் என்பதால் அந்த மீனுக்கு நாடெங்கும் தேவை இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் சர்வாதிகாரி சலாசாரின் அரசு இந்தத் தொழிலுக்கு முழுத் துணையாக நின்றது. பெரிய கப்பலிலிருந்து தோரி என்ற சின்னப் படகுகளை இறக்கி, படகுக்கு ஓர் ஆளாகத் தூண்டில் கயிற்றோடு அனுப்புவார்கள். பனிமூட்டத்தில் கப்பலைத் தவறவிட்டுத் திரும்பாமலே போனவர்கள் உண்டு. இது 1970கள் வரை நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. 1992இல் கனடா அந்தக் கடற்பகுதியில் காட் பிடிக்கத் தடை போட்டது, மீன் அவ்வளவு அற்றுப்போயிருந்தது. இப்போது லிஸ்பன் தட்டில் விழுவது பெரும்பாலும் நார்வே, ஐஸ்லாந்து மீன்.

நம் ஊர்க் கருவாட்டை மனசில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். தண்ணீரை மாற்றி மாற்றி ஓரிரு நாள் ஊறவைத்துவிடுவதால் வாடை பெரிதாக இருக்காது, சதை இதழ் இதழாகப் பிரியும். முதல் முறைக்கு, மீனைப் பிய்த்துப் போட்டு, மெல்லிய உருளைக்கிழங்கு வறுவலும் வெங்காயமும் முட்டையும் சேர்த்துப் புரட்டிய 'பக்கல்யாவ் ஆ பிராஸ்' நல்லது. சுட்ட மத்தி எல்லாரும் சொல்வார்கள். அது கொழுத்து ருசியாக இருப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை. நவம்பரில் வேண்டாம்.

சாப்பிட்டபின் கார்மோ மடத்துக்கு நடங்கள். சாந்த ஜுஸ்தா மின்தூக்கி வரிசையில் நிற்க வேண்டாம், நடந்தே ஏறலாம். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாளில் வந்த நிலநடுக்கத்தில் இடிந்த கூரையை இன்றுவரை முழுதாக மூடவில்லை. வானத்துக்குக் கீழே வளைவுகள் மட்டும் நிற்கின்றன. நுழைவுச்சீட்டு வாங்குவதென்றால் இதற்கு வாங்குங்கள். வெளியே உள்ள சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகார ஆட்சி முடிவுக்கு வந்தது. இறங்கி வரும்போது தெருவோரத்தில் வெள்ளைப் புகை தெரியும், கஷ்கொட்டை வறுக்கிறார்கள். உப்புப் படிந்த தோலை உரித்துச் சூடாகத் தின்றுகொண்டே நடக்கலாம். பசித்தால் எந்தக் காப்பிக்கடையிலும் காட் வடைக்குப் பக்கத்தில் சமோசா இருக்கும், கோவாவும் மொசாம்பிக்கும் தந்தது. உள்ளே பெரும்பாலும் கறி.

28ஆம் எண் டிராம் மார்த்திம் முனீஸில் இருந்துதான் கிளம்புகிறது. நெரிசலும் ஜேப்படியும் அதிகம். அதே வழியில் கிராசா மேடு வரை நடந்து, அல்ஃபாமா சந்துகள் வழியாக இறங்குங்கள். கல் பாவிய தெரு மழையில் வழுக்கும், நல்ல செருப்பு அவசியம்.

பெலேம் பகுதி உங்கள் பட்டியலில் திங்களன்று இருக்கிறது. அங்கே உள்ள ஜெரோனிமோஸ் மடம் திங்கள் விடுமுறை. செவ்வாய் காலை 15ஆம் எண் டிராமில் போங்கள். வாஸ்கோ ட காமாவின் கல்லறை அங்கேதான். மடத்துக்குப் பக்கத்தில் 1837 முதல் நடக்கும் கடையில் முட்டைக்கருப் பாலாடை நிரப்பிய சின்ன மாவுக் கிண்ணங்கள் கிடைக்கும். வெள்ளைக்கருவைத் துறவிகளின் துணிக்குக் கஞ்சியாகப் போட்டு மிஞ்சிய மஞ்சள் கருவில் பிறந்த பலகாரம் என்பார்கள். தெருவில் நிற்கும் வரிசை வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு. உள்ளே பெரிய பெரிய கூடங்கள் உண்டு, போய் உட்காருங்கள். மேலே தூவப் பட்டைப்பொடி தருவார்கள், இலங்கைப் பட்டைக்காக இவர்கள் எத்தனை சண்டை போட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

மீதிப் பன்னிரண்டு இடங்களை விட்டுவிடுங்கள். அக்காவுக்கு அந்தப் பலகாரத்தில் ஒரு பெட்டி வாங்கிப் போங்கள். மாலைக்குள் மொறுமொறுப்பு போயிருக்கும், அவர் வீட்டு ஓவனில் சில நிமிடம் சுடவைத்தால் திரும்ப வந்துவிடும்.