மோர்மன்கள் "எனக்குத் தெரியும்" என்கிறார்களே, சொந்த ஆன்மீக அனுபவம் மத நம்பிக்கைக்குப் போதுமான காரணமா?

கேள்வி கேட்டவரிடம் ஒரு மோர்மன் நண்பர், "ஜெபித்தேன், பதில் கிடைத்தது, அதனால் என் சபை உண்மை என்று எனக்குத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறார். இதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளலாமா, அல்லது இது வெறும் மன உணர்ச்சிதானா என்று கேட்கிறார்.

யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே, ஏழு வருடம் குடியிருந்தவன் நான். அந்தச் சபையில் சேரவில்லை. ஆனால் எங்கள் தெருவில் பெரும்பாலும் அவர்கள் வீடுகள்தான். குடிபோன முதல் வாரமே மூன்று வீட்டிலிருந்து ரொட்டி வந்தது. ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: தங்களை 'மோர்மன்' என்று அழைக்க வேண்டாம் என்று அவர்களின் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018ல் கேட்டுக்கொண்டார். முறையான பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. கேள்வியில் மோர்மன் என்று இருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்த "தெரியும்" என்ற சொல்லை நான் முதலில் கேட்டது ஒரு உபவாச ஞாயிறு அன்று. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இரண்டு வேளை சாப்பிடுவதில்லை. அந்தச் சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தை ஏழைகளுக்கென்று சபையில் கொடுத்துவிடுவார்கள். அன்று தயார் செய்த பிரசங்கம் கிடையாது. யார் வேண்டுமானாலும் எழுந்து போய் மைக் முன்னால் நின்று சாட்சி சொல்லலாம். ஒரு ஐந்து வயதுப் பையன் போனான். அம்மா காதில் சொல்லச் சொல்ல, "இந்தச் சபை உண்மையென்று எனக்குத் தெரியும்" என்றான். அடுத்து ஒரு தாத்தா. அவரும் அதையேதான் சொன்னார், சொல்லும்போது குரல் உடைந்தது. யாரும் 'நம்புகிறேன்' என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் 'தெரியும்'. கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர் என்று கேட்டு வளர்ந்த காது என்னுடையது. அங்கே கண்டவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று விண்டுகொண்டிருந்தார்கள்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் மேலே பேச முடியும். 1820ஆம் ஆண்டு வாக்கில் நியூயார்க் மாநிலம் பால்மைரா பக்கம் எந்தச் சபை சரியான சபை என்று ஒரே சண்டை. ஜோசப் ஸ்மித் அப்போது பதினான்கு வயதுப் பையன். "உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால் தேவனிடத்தில் கேட்கக்கடவன்" என்ற யாக்கோபு நிருப வசனத்தைப் படித்துவிட்டு, காட்டுக்குள் போய்க் கேட்டேன், தரிசனம் கிடைத்தது என்று பின்னாளில் எழுதினார். அந்த மதத்தின் பிறப்பே ஒருவர் தனியாகப் போய்க் கேட்டதில்தான் இருக்கிறது. தங்கத் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாக 1830ல் அவர் வெளியிட்ட மோர்மன் புத்தகத்தின் முடிவில், மொரோனி என்ற பகுதியின் பத்தாம் அதிகாரத்தில், வாசகருக்கே ஒரு வாக்குறுதி இருக்கிறது. நேர்மையான இதயத்தோடும் உண்மையான நோக்கத்தோடும் கிறிஸ்துவின்மேல் விசுவாசத்தோடும் கேட்டால், இது உண்மையா என்பதைப் பரிசுத்த ஆவியின் வல்லமையால் தேவன் காட்டுவார். வீட்டுக் கதவைத் தட்டும் வெள்ளைச் சட்டை மிஷனரிப் பையன்கள் உங்களிடம் கேட்பதும் இதைத்தான். "நாங்கள் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே கேட்டுப் பாருங்கள்."

பதில் எப்படி வரும்? 1829ல் ஸ்மித்தின் எழுத்தர் ஆலிவர் கௌடரிக்குச் சொல்லப்பட்டதாக ஒரு வெளிப்பாடு இருக்கிறது. சரியானது என்றால் உன் நெஞ்சு உனக்குள்ளே எரியும், தவறு என்றால் சிந்தனை மரத்துப்போகும் என்கிறது. எம்மாவு வழியில் நடந்த சீடர்களின் "நம்முடைய இருதயம் நமக்குள்ளே கொழுந்துவிட்டு எரியவில்லையா" என்ற பைபிள் வரியின் வாரிசு அது.

என் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். அவருக்கு நெஞ்சு எரிந்தது இருபத்திரண்டு வயதில், ஒரு வாடகை அறையில். புத்தகத்தை முடித்துவிட்டு முழங்காலில் நின்று கேட்டிருக்கிறார். மார்பிலிருந்து ஒரு கதகதப்பு கிளம்பி உடம்பெல்லாம் பரவி, கால் மணி நேரம் நின்றதாம். "பயமாக இல்லை. யாரோ என்னைப் பெயர் தெரிந்து கூப்பிட்டதுபோல இருந்தது" என்றார். அதற்கு முன்னும் பின்னும் அந்த அளவுக்கு வந்ததில்லையாம். கணவர் இறந்தபோதுகூட அந்தக் கால் மணி நேரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றார்.

இவரிடம் போய் "அது உங்கள் மூளையின் வேலை" என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாகரிகம் கருதி மட்டும் அல்ல, அது நல்ல வாதமும் இல்லை. 2016ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் முன்னாள் மிஷனரிகள் பத்தொன்பது பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, பரிசுத்த ஆவியை உணரும்போது பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இன்பம் தரும் விஷயங்களுக்கு விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதி அப்போதும் விழித்துக்கொண்டது. இதை இரண்டு தரப்பும் தூக்கிக்கொண்டு திரிகிறது. நான் மாமரத்தைப் பார்க்கும்போதும்தான் மூளையில் ஏதோ ஒரு பகுதி வேலை செய்கிறது. அதனால் மாமரம் இல்லை என்று ஆகிவிடுமா?

வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1901, 1902ல் எடின்பரோவில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் இதற்கு ஒரு கோடு போட்டார். இப்படிப்பட்ட அனுபவம், அதை அடைந்தவருக்கு அதிகாரம் உள்ளது. வெளியே நிற்பவருக்கு அதை ஏற்கும் கடமை இல்லை. என் பதிலின் முதல் பாதி அதுதான். அந்த அம்மா அந்த இரவை நம்புவதில் எந்தத் தவறும் இல்லை. நம் கண்ணையும் நினைவையும் நாம் நம்புவதற்கும் வெளியிலிருந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டா வருகிறோம்?

சிக்கல் இரண்டாம் பாதியில்.

போய்ட் பேக்கர் என்று அவர்களின் அப்போஸ்தலர் (சபையின் மூத்த தலைவர்களில் ஒருவர்) இருந்தார். ஒரு உரையில் ஒரு கதை சொன்னார். விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்த நாத்திகர், கடவுள் இருப்பது உமக்கு எப்படித் தெரியும் என்று மடக்க, உப்பு எப்படி இருக்கும் என்று வார்த்தையில் சொல்லும் பார்க்கலாம் என்று இவர் கேட்டாராம். அவரால் முடியவில்லை. நல்ல கதை. ஆனால் உப்பைப் பற்றிச் சண்டை வந்தால் ஒரு சிட்டிகை எடுத்து எதிராளியின் நாக்கில் வைத்துவிடலாம். இங்கே நாக்கில் வைத்தும் ருசி தெரியாதவர்கள் இருக்கிறார்கள். என் அலுவலகத்தில் ஒருவர் அந்தச் சபையிலேயே பிறந்து வளர்ந்தவர், இரண்டு வருடம் மிஷனரியாகவும் போய்வந்தவர். எத்தனையோ இரவு கேட்டும் ஒன்றும் வரவில்லை. பொறு என்றார்கள். மனதில் உண்மையான நோக்கம் இருக்கிறதா பார் என்றார்கள். சாட்சி சொல்லிக்கொண்டே இரு, சொல்லச் சொல்லத்தான் சாட்சி கிடைக்கும் என்றார்கள். இந்தக் கடைசி அறிவுரை பேக்கர் அதே உரையில் சொன்னதுதான். அதனால் அவர் தெரியாமலே "தெரியும்" என்று வேறொரு நாட்டில் வீடுவீடாகச் சொல்லிவிட்டு வந்தார்.

என் அம்மா பூ கட்டிப் பார்ப்பார். அக்காவுக்கு ஒரு வரன் வந்தபோது வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார். சிவப்பு வந்தது. ஜாதகம், வேலை, வீடு எல்லாம் பிடித்திருந்தும் அந்த வரனை விட்டுவிட்டார். இந்த முறையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அம்மாவின் சோதனையில் 'இல்லை' என்ற பதிலுக்கு இடம் இருந்தது. மொரோனியின் சோதனையிலும் ஏட்டில் இடம் இருக்கிறது, சிந்தனை மரத்துப்போகும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் என் அலுவலக நண்பருக்கு நடந்தது என்ன? 'ஆம்' வந்தால் புத்தகம் உண்மை, ஒன்றும் வராவிட்டால் கேட்டவனிடம் குறை. இப்படி ஆக்கிவிட்டால் அது சோதனை இல்லை.

அடுத்தது, 'ஆம்' வந்ததாகவே வைத்துக்கொள்வோம். எதற்கு 'ஆம்'? அந்தக் கதகதப்பிலிருந்து ஒரு சங்கிலி நீள்கிறது. புத்தகம் உண்மை, ஆகவே ஸ்மித் தீர்க்கதரிசி, ஆகவே அவர் நிறுவிய சபைதான் மீண்டும் நிலைநாட்டப்பட்ட ஒரே உண்மைச் சபை, ஆகவே இன்றைய தலைவர் சொல்வதும் தேவன் சொல்வது. வீடு வாங்கப் போனவர், திண்ணை குளுகுளுவென்று இருக்கிறது என்று வில்லங்கம் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட மாதிரி. திண்ணையின் குளிர்ச்சி பொய்யில்லை. பத்திரம் வேறு விஷயம்.

பத்திரத்தைப் பார்க்க முடிந்த ஒரு இடம் உண்டு. 1835ல் ஒஹாயோவின் கர்ட்லண்டில் எகிப்திய மம்மிகளோடு வந்த பாப்பிரஸ் சுருள்களை வாங்கி, அதிலிருந்து ஆபிரகாமின் புத்தகம் என்று ஒன்றை ஸ்மித் தந்தார். அதுவும் அவர்களுக்கு வேதம். அழிந்துவிட்டதாக நினைத்த சுருள்களின் துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலிருந்து 1967ல் சபையின் கைக்கு வந்தன. படித்துப் பார்த்தால் அவை இறந்தவர்களோடு வைக்கும் சடங்கு எழுத்துகள். ஆபிரகாம் பெயரே அதில் இல்லை. சபையும் தன் இணையதளக் கட்டுரையில் இதை ஒப்புக்கொண்டு, தொலைந்துபோன பகுதியில் இருந்திருக்கலாம், அல்லது சுருள் ஒரு தூண்டுகோலாக மட்டும் இருந்திருக்கலாம் என்று விளக்கங்கள் தருகிறது. இருக்கட்டும். அதைப் படித்தும் நெஞ்சு கதகதத்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு பழைய சுருளில் என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்விக்கு, எகிப்திய எழுத்து தெரிந்தவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வெளியாட்கள் சொல்லும் வாதம் எதுவும் இல்லை, அவர்களின் சொந்த வரலாறுதான். ஹைரம் பேஜ் என்று ஒருவர். தங்கத் தகடுகளைக் கண்ணால் பார்த்தோம் என்று புத்தகத்தின் முகப்பில் கையெழுத்திட்ட எட்டு சாட்சிகளில் ஒருவர். சபை தொடங்கி ஆறு மாதம் ஆகவில்லை, 1830 செப்டம்பருக்குள், தனக்கும் ஒரு கல் வழியாக வெளிப்பாடு வருகிறது என்றார். கௌடரியும், ஸ்மித்தின் ஆரம்பகால ஆதரவாளர்களான விட்மர் குடும்பத்தாரும் அதை நம்பினார்கள். உடனே ஸ்மித்துக்கு ஒரு வெளிப்பாடு வந்தது. சபை முழுமைக்கும் வெளிப்பாடு பெறுபவர் ஸ்மித் ஒருவரே, பேஜுக்குக் கல்லிலிருந்து வந்தது தேவனிடமிருந்து வந்ததல்ல, சாத்தான் ஏமாற்றியது.

அப்புறம் 1844ல் ஸ்மித் கொலையான பிறகு, தானே அவர் வாரிசு என்று ஜேம்ஸ் ஸ்ட்ராங் வந்தார். தேவதூதர் அபிஷேகம் செய்தார் என்றார். 1845ல் விஸ்கான்சினில் மண்ணுக்கடியிலிருந்து தகடுகளை எடுத்தார், சாட்சிகளும் வைத்தார். 1850ல் மிச்சிகன் ஏரியின் பீவர் தீவில் முடியும் சூட்டிக்கொண்டார். ஸ்மித்தின் தகடுகளுக்கு முதல் மூன்று சாட்சிகளில் ஒருவரான மார்ட்டின் ஹாரிஸ், 1846ல் ஸ்ட்ராங்குக்காக இங்கிலாந்துக்குப் பிரசாரம் செய்யப் போனார். ஸ்மித்துக்குப் பின் பெரும்பான்மையினருக்குத் தலைவரான பிரிகாம் யங்கின் பின்னால் யூட்டாவுக்கு நடந்தவர்களும் ஜெபித்துத்தான் நடந்தார்கள், ஸ்ட்ராங்கின் பின்னால் போனவர்களும் ஜெபித்துத்தான் போனார்கள். ஒரே புத்தகம், ஒரே கேட்கும் முறை, எதிரெதிர் பதில்.

இதற்கு விசுவாசிகள் தரும் பதிலையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் அவரவர் பொறுப்புக்கு உட்பட்டதற்கு மட்டுமே வெளிப்பாடு வரும், சபைக்கானது தலைவருக்கே வரும் என்பார்கள். ஒழுங்காக ஓட வேண்டிய ஒரு அமைப்புக்கு அது தேவைதான். ஆனால் அப்படிச் சொன்ன கணமே, தனி அனுபவத்துக்கு மேலே ஒரு தராசு வைத்தாகிவிட்டது. "நீயே கேட்டுப் பார்" என்று தொடங்கி, "கேட்டதில் எது தேவனுடையது என்று நாங்கள் சொல்கிறோம்" என்று முடிகிறது.

அவர்கள் வேதத்திலேயே எனக்குப் பிடித்த இடங்கள் வேறு. மோர்மன் புத்தகத்துக்குள் வரும் ஆல்மாவின் புத்தகம் 32ஆம் அதிகாரத்தில் வசனத்தை ஒரு விதைக்கு ஒப்பிடுகிறார்கள். நட்டுப் பார், முளைக்கிறதா, வளர்கிறதா, பழம் தருகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு. ஒரு இரவுக் கதகதப்பை விட இது எவ்வளவோ மேல். வருடக்கணக்காக வாழ்ந்து பார்த்துச் சொல்வது. அதிலும் 1830 கதைக்கு நிரூபணம் கிடைக்காது, ஆனால் இப்படி வாழ்வது எனக்கு நல்லது என்று சொல்ல வழி இருக்கிறது. இன்னொரு இடத்தில், சிலருக்கு அறியும் வரம், வேறு சிலருக்கு அவர்கள் சொல்லை நம்பும் வரம் என்று இருக்கிறது. என் அலுவலக நண்பரிடம் முதலிலேயே யாராவது இதைக் காட்டியிருக்கலாம்.

எனக்கும் அங்கே ஒருமுறை சிலிர்த்தது. 2017ல் அந்தப் பக்கத்து வீட்டு அம்மா, சால்ட் லேக் சிட்டியில் அவர்களின் கோயில் வளாகமான டெம்பிள் ஸ்கொயரில், சபையின் பாடகர் குழுவின் வியாழக்கிழமை ஒத்திகைக்கு அழைத்துப் போனார். முந்நூறுக்கும் மேற்பட்ட குரல்கள் ஒன்றாக எழுந்தபோது கைமயிர் குத்திட்டு நின்றது. அவர் கவனித்துவிட்டார். "அதுதான் ஆவி" என்றார் மெதுவாக. திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டாலும் எனக்கு இப்படித்தான் ஆகும் என்றேன். "அதுவும் அவர்தான்" என்றார் யோசிக்காமல். மனம் பெரிய பதில். அப்படியானால் இந்தச் சிலிர்ப்பு உங்கள் சபைக்கு மட்டும் எப்படிச் சாட்சியாகும் என்று கேட்க வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

யூட்டாவை விட்டுக் கிளம்பும் வாரம்தான் கேட்டேன். தங்கத் தகடுகள் இருக்கவே இல்லை என்று ஒருநாள் ஐயமில்லாமல் தெரிந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? பீச் பழங்களைத் தோல் சீவிக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படியானால் அந்த இரவு என்ன என்று நான் மறுபடி கேட்க வேண்டியிருக்கும்" என்றார். பிறகு, "ஆனால் அந்த இரவு நடந்தது" என்றார்.

இரண்டு ஜாடி எனக்கும் கொடுத்தார். மூடியில் தேதி எழுதியிருந்தது. ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிடு, இல்லையென்றால் நிறம் மாறிவிடும் என்றார்.