போலீஸ் கார் இடித்தால் வழக்கே போட முடியாதா?

தம்பி, ஹூஸ்டனுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே சைரன் போட்டு வந்த போலீஸ் கார் உங்கள் காரை இடித்துவிட்டது, "இங்கே போலீஸ் மேல் வழக்கே போட முடியாது" என்று ரூம்மேட் சொல்கிறார், நிஜமா என்று கேட்டிருந்தீர்கள். பாதி நிஜம்.

பணியில் இருந்த அதிகாரி மேல் நேராக வழக்குப் போட்டுப் பயனில்லை. நகராட்சி மேல்தான் போட வேண்டும். டெக்சஸ் சட்டம் வாகன விபத்துக்கு அதை அனுமதிக்கிறது. ஆனால் அதிகாரிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று கோர்ட் சொல்லிவிட்டால் நகராட்சியும் நழுவிவிடும்.

சும்மா ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது இடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவசர அழைப்புக்குப் போனார் என்றால்தான் சிக்கல். 1994இல் லான்காஸ்டர் நகர வழக்கில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் வைத்தது: போகவேண்டிய அவசரம் பெரிதா, மக்களுக்கு வரும் ஆபத்து பெரிதா? விவரமான ஒரு போலீஸ்காரர் அவசரமே பெரிது என்று நினைத்திருக்கக்கூடும் என்றாலே போதும், இடித்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்துவிடும். தராசு போலீஸ் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வர முடியாது. சிவப்பு சிக்னலைத் தாண்டலாம், ஆனால் தேவையான அளவு வேகத்தைக் குறைத்த பிறகுதான். அவர் பிரேக் போட்டாரா என்பது போலீஸ் கார் கேமராவில் இருக்கும். அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி நகராட்சிக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். போலீஸ் விபத்து அறிக்கையை மாநிலப் போக்குவரத்துத் துறை தளத்தில் 6 டாலருக்கு வாங்கலாம்.

அப்புறம், பலரும் கோட்டைவிடுவது நோட்டீஸில்தான், அதாவது இழப்பீடு கேட்கப்போகிறோம் என்று நகராட்சிக்குக் கெடுவுக்குள் தெரிவிப்பதில்தான். மாநிலச் சட்டம் 6 மாதம் தருகிறது; ஹூஸ்டன் நகரச் சாசனம் 90 நாள்தான் தருகிறது. எங்கே, எப்போது, எப்படி இடித்தது, என்ன சேதம் என்று எழுத்தில் கொடுத்து, சேர்ந்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். ஜெயித்தாலும் காயத்துக்கு ஒருவருக்கு 2,50,000 டாலர்தான் உச்சவரம்பு.

காரைச் சரிசெய்ய நகராட்சிக்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியில் கொலிஷன் (மோதலில் உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கான காப்பீடு) இருந்தால் அதில் கிளெய்ம் போடுங்கள். வெறும் லயபிலிட்டி (நீங்கள் மற்றவருக்கு உண்டாக்கும் சேதத்துக்கான காப்பீடு) மட்டும் என்றால் அந்த வழி இல்லை. கழுத்து வலிக்கிறது என்கிறீர்களே, பிஐபி (உங்கள் பாலிசியிலேயே வரும் காயச் செலவுக் காப்பீடு) வேண்டாம் என்று கையெழுத்துப் போடவில்லை என்றால் டாக்டர் செலவுக்கு 2,500 டாலர் வரையாவது அதில் கிடைக்கும், தப்பு யார் மேல் இருந்தாலும். நாளைக்கே போய்க் காட்டுங்கள்.